ரிசல்ட் அன்று



பிளஸ் டூ ரிசல்ட் வரப்போகிறது. வருஷா வருஷம் இந்த வாரத்தில் எனக்குச் சரியாகத் தூக்கம் வராது. ஏன் என்று இதுவரை எழுதியதில்லை. சம்பந்தப்பட்டவனிடம் கேட்டுவிட்டுத்தான் இப்போது எழுதுகிறேன்.

1990களில் ஒரு ரிசல்ட் நாள். கணக்கில் தவறிய ஒரு பையனைப் பார்த்து, எல்லோர் முன்னாலும், "உங்கப்பாவுக்கு மாடு மேய்க்க ஆள் கெடச்சாச்சு, போடா" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு அவன் அம்மா என் வீட்டு வாசலில் நின்றார். "சார், பையன் இன்னும் வூட்டுக்கு வரல. பருத்திக்கு அடிக்க வெச்சிருந்த மருந்தையும் காணோம்."

டார்ச் லைட்டோடு பத்துப் பேர் தேடினோம். விடியற்காலை, மலை மேலே ராமர் தீர்த்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். புட்டி திறக்கப்படவில்லை. கையைப் பிடித்தேன். "அக்டோபர்ல எழுதினாலும் ஒரு வருஷம் போச்சே சார்" என்றான். நான் சொன்ன சொல்லைப் பற்றி அவன் பேசவே இல்லை.

அந்த 'ஒரு வருஷம்' இப்போது போவதில்லை. ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில் துணைத்தேர்வு எழுதி, அதே வருஷம் காலேஜில் சேரலாம். இது தானாக வந்த ஏற்பாடு இல்லை. சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'ஸ்நேகா' அமைப்பு இதற்காக அரசிடம் விடாமல் வலியுறுத்தியது. அங்கே போனில் பேசுகிறவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற தொண்டர்கள். நம்மைப் போன்றவர்கள்தான்.

அதே ஸ்நேகா ஆய்வாளர்களோடு சேர்ந்து கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் இன்னொன்றும் செய்து பார்த்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைப்பது. வேண்டும்போது போய்த் திறந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்தன என்று 2013-இல் ஆய்வு வெளியானது. ஆத்திரம் வந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால், பல உயிர் தப்பிவிடுகிறது. நம் பக்கம் இன்னும் பரண் மேலேயும் கட்டிலுக்கு அடியிலேயும்தான் வைக்கிறோம். தயவுசெய்து இன்றைக்கே எடுத்துப் பூட்டி வையுங்கள்.

2017-லிருந்து முதலிடம், இரண்டாமிடம் என்று அரசே அறிவிப்பதில்லை. நம் சொந்தக்காரர்கள் மட்டும் இன்னும் மார்க் கேட்பதை நிறுத்தவில்லை. (என் தங்கை வீட்டுக்காரர் இதைப் படிக்கிறார் என்று தெரியும்.)

பேச ஆள் வேண்டுமென்றால் 14416. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம். கணக்கில் தவறிய பிள்ளைகள் காலை ஆறு மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வரட்டும். துணைத்தேர்வு வரைக்கும் நான் சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம்.

அந்தப் பையனின் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ. நேற்று அவன் போன் செய்தான். "ரிசல்ட் அன்னிக்கு நீங்க நம்ம வூட்டுக்கு வந்துடுங்க சார். மார்க்கப் பாத்துட்டு நானும் ஏதாவது சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றான்.

போகிறேன்.