காடும் என் கல்வியும்

காட்டிலே உயிர் பிழைத்திருக்கும் வித்தையின்மேல் எனக்குச் சிறு பிராயம் முதலே ஒரு மோகம். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூர் கிழக்கிலே பிறந்த பிள்ளைக்கு இது ஆச்சரியமன்று. ஒரு புறம் கடல். மறு புறம் சேனைகளும் அவற்றை அடுத்த காடும். அப்பப்பா சேனைக் காவலுக்குப் போகும் இரவுகளில் என்னையும் பரணில் ஏற்றிக்கொள்வார். யானைக்கு நம் வாடை போகாதிருக்க எப்பக்கம் நிற்க வேண்டும், மந்திக் கூட்டம் ஏன் திடீரென்று கத்துகிறது, மரல் நாரை எப்படித் திரித்தால் கயிறு அறாது என்பவற்றையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுமுன்பே பழகிக்கொண்டேன். பத்து வயதில், என்னிலும் காடறிந்த சிறுவன் எங்கள் பகுதியில் இல்லை என்பது என் துணிபு.

அக்காலத்தில் என் கற்பனைக்கு நாயகனாக இருந்தவன் ஒரு வெள்ளைக்காரன். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று சொல்லப்படும் இடத்தைக் கண்டவர்கள் அவனை அறிவார்கள். 1660ஆம் ஆண்டு கொட்டியாரத்தில் கண்டியரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமிதான் அவன். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்து, 1679இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழனுடன் அநுராதபுரத்துக் காடுகளினூடே தப்பி, மல்வத்து ஓயாவின் போக்கைப் பற்றிச் சென்று, மன்னார்ப் பக்கத்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தான். இலங்கையைப் பற்றி அவன் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. 1719இல் டானியல் டீஃபோ எழுதிய 'ரொபின்சன் குரூசோ'வுக்கு அந்நூலும் ஒரு தூண்டுகோல் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

தனியொரு மனிதன் தன் கையையும் மதியையும் மாத்திரம் துணையாகக் கொண்டு இயற்கையை வெல்கிறான்! எந்தச் சிறுவனைத்தான் இக்கதை மயக்காது? பொருளியலறிஞருக்கு ரொபின்சன் கதைகளின்மேல் உள்ள பிரியத்தை மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதற்பாகத்திலே (1867) எள்ளி நகையாடியதை வாசித்தபோதுதான் என் மயக்கத்தின் வேர் எனக்குப் புலனாயிற்று. நொக்ஸ் தனியனாக எதையும் வெல்லவில்லை. சில்லறைச் சாமான் விற்பவனாக ஊரூராகத் திரிந்தே வடக்கு நோக்கிய வழிகளை அறிந்தான். அவன் உண்டதும் உடுத்ததும் வழி கேட்டதும் இந்நாட்டு ஏழைக் குடியானவர்களிடமிருந்தே. இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்தில் அடைத்துக் கெடாமற் காக்கும் வேடரின் முறையை அவனே எழுதி வைத்திருக்கிறான். அவ்வித்தையைக் கண்டுபிடித்தவர்களின் பெயரோ எந்த மரத்துக்கும் இடப்படவில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். மூதூர் கிழக்கிலும் வெருகல், வாகரைப் பக்கங்களிலும் கரையோர வேடர் வாழ்கிறார்கள். தமிழ் பேசுகிறார்கள், கடலிலும் களப்பிலும் மீன் பிடிக்கிறார்கள், காட்டில் தேன் எடுக்கிறார்கள். அவர்கள் வாழும் ஊர்களில் ஒன்றுக்குப் பாட்டாளிபுரம் என்று பெயர். (பெயர் இட்டவர் யாராயினும் உண்மை தெரிந்தவர்.) அவ்வினத்து ஆச்சி ஒருத்தி தேனும் கிழங்கும் கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். படலைக்கு உள்ளே வருவாள். திண்ணைக்கு ஏற மாட்டாள். தாகத்துக்குக் கேட்டால் அம்மா செம்பை உயர்த்தி அவள் கைகளில் தண்ணீர் வார்ப்பாள். இதில் ஒரு கொடுமை உண்டென்று அன்று எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எனக்குக் காடு வேண்டும், காட்டு மனிதர் வேண்டாம்.

2006இல் போர் எங்களைக் கிளப்பியது. எனக்கு வயது பதினைந்து. ஈச்சிலம்பற்றுக்கும் அங்கிருந்து வெருகல் கடந்து கதிரவெளி, வாகரைக்கும் ஜனங்கள் நடந்தார்கள். வீதியை விட்டுக் காட்டோரமாக ஒதுங்கிய நாட்களில் என் வித்தைகள் யாவும் எங்கே போயின என்று தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் குழந்தைகள் இருந்தன, நோயாளர் இருந்தனர். பரணில் கற்ற விளையாட்டு, பசித்த இருபது பேருக்கு ஒரு குடம் நீர் தரவில்லை.

தந்தவள் அந்த ஆச்சி. வறண்ட ஓடையின் வளைவில் மணல் ஈரத்தைக் காலால் மிதித்துப் பார்த்து, அவ்விடத்திலே பூவல் தோண்டச் சொன்னாள். ஊறிய நீர் சேறாக இருந்தது. மடியிலிருந்து தேற்றாங்கொட்டை ஒன்றை எடுத்துப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரை வார்த்தாள். அந்த விதையின் சத்து மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்து, கனத்து அடியிலே படிய வைக்கிறது என்பதை நான் பின்னாளில் வாசித்தேன். அவள் வாசித்தவளல்லள். எனினும் தெளிந்த நீரை அப்படியே குடிக்க அவள் விடவில்லை. கொதித்தாக வேண்டும் என்றாள். தெளிவு வேறு, சுத்தம் வேறு என்ற விஞ்ஞானம் அவளிடம் இருந்தது. ஆறியதும் ஒவ்வொருவருக்கும் சிரட்டையில் வார்த்துக் கொடுத்தாள். என் அம்மா இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக் குடித்தாள். அன்றிலிருந்து அவளை "ஆச்சி" என்றே அழைத்தாள். அதற்கு முன் அவளை எப்படி அழைத்தாள் என்பதை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது.

ஐப்பசி மழைக்குப் பின் மற்றொன்று நிகழ்ந்தது. வாகரைப் பக்கத்தில் பசி கடுமையாக இருந்த ஒரு நாள், பற்றைக்குள் கொடியொன்றின் அடியைக் கிளறி வழுவழுப்பான கிழங்குகளை எடுத்து வந்தேன். வள்ளிக் கிழங்கு என்று பெருமையோடு சொன்னேன். ஆச்சி அவற்றை என் கையிலிருந்து தட்டிவிட்டாள்.

"மகன், கலப்பை மாதிரிக் கவர் விட்டிருக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையா? இது கார்த்திகைக் கிழங்கு. இருபது பேரையும் கொல்லப் பார்த்தாயே!"

பிறகு காட்டு வள்ளி எது என்று காட்டினாள். கிழங்கைத் தோண்டியதும் கொடியின் தலைப்பை ஒரு துண்டுக் கிழங்கோடு மீண்டும் குழியில் வைத்து மண்ணை மூடினாள். நாளைக்கு நாங்கள் அங்கே இருக்கப் போவதில்லை. ஆயினும் மூடினாள்.

சில ஆண்டுகளின் பின் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களையும் மனனம் செய்தேன். அவற்றுள் முதலில் நிற்பது செங்காந்தள். அதுவே எங்கள் கார்த்திகைப் பூ. அதன் அழகையும் உவமைச் சிறப்பையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளிகள் வாங்கினேன். கிழங்கைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

இப்போது திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் காந்தளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பின் வாங்கிலிருந்த ஒரு மாணவன், "அதின்ட கிழங்கு நஞ்சு, சேர்" என்றான். "வேடனுக்குக் கிழங்குதானே தெரியும்!" என்று மற்றொருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. நான் சிரித்தவர்களைக் கடிந்தேன். ஆனால், அந்தச் சொல்லை அவர்கள் எங்கிருந்து கற்றார்கள் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு உண்டா?

அவன் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டான். தைப்பொங்கல் விடுமுறையில் அவன் ஊருக்குப் போயிருந்தேன். சங்கப் பாட்டில் ஞெலிகோல் என்று படித்த தீக்கடைகோலை அவன் கையால் செய்து கடைந்து காட்டினான். சிறிது நேரத்தில் தீப்பொறி கனிந்தது. நானும் கடைந்தேன். உள்ளங்கை கொப்புளித்தது, புகை வந்தது, தீ வரவில்லை. "வீட்டில தீப்பெட்டி இருக்கு, சேர்" என்றாள் அவன் தாய். எல்லோரும் சிரித்தோம்.

இந்த வித்தையை இன்று பணம் கொடுத்துக் கற்கும் உல்லாசிகள் உண்டு; அதற்கென்றே கத்திகளும் கூடாரங்களும் விற்பனையாகின்றன. இவனுக்கோ, பரம்பரையாகத் தேன் எடுத்த காட்டுக்குள் கால் வைப்பதே குற்றமாகிவிடுகிறது. 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது தம்பானை வேடர் தம் வேட்டைக் காட்டை இழந்த கதையும் இதுவே. காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வள்ளித் தலைப்பை மண்ணில் திரும்ப வைப்பவர்களிடமிருந்தா அதைக் காப்பது?

புறப்படும் வேளையில் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து நிரப்பித் தரச் சொன்னான். பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் எழுதினேன். 'தொழில்' என்ற இடத்தில் பேனா நின்றது. தேனும் மீனும் கிழங்கும் மரமும் அறிந்தவனை எந்தச் சொல்லால் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பேருந்துக்கு நேரமாகிறதே என்ற கவலை.

"கூலி என்று போடுங்க, சேர்" என்றான்.