பெட்ரோல் காசு

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்கிறது அதன் 12ஆம் உட்பிரிவு. யாருடைய உரிமை என்பதைக் கவனியுங்கள் தோழர்களே. நம்முடையது அல்ல.

திசையன்விளைப் பக்கம் ஒரு வழக்கு. முருங்கைக்காய் பறிக்கப் போகும் ஓர் அக்காவை, கூலி பாக்கியைக் கேட்டதற்காகப் பலர் முன்னால் சாதியைச் சொல்லி ஏசினார்கள். எஃப்.ஐ.ஆர். போட வைக்கவே பத்து நாள் ஆனது. ஸ்டேஷனுக்கும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்தது என்னோடு வேலை செய்த ஒரு தோழர்தான். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லமாட்டேன். இப்படிப்பட்ட வழக்குக்கு நிவாரணம் 1 லட்சம் ரூபாய், எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் அதில் 25 சதவீதம். 25,000 ரூபாய் கணக்கில் ஏறிய அன்றே அக்காவை பேங்குக்குக் கூட்டிப்போய் 10,000 வாங்கிக்கொண்டார்.

அக்கா இதைப் புகாராகச் சொல்லவில்லை. "அந்தத் தம்பி அலையலன்னா இந்த ரூவா ஏது? குடுக்காம இருந்தா நல்லாருக்குமா?" என்றார். அடுத்து சொன்னதுதான் உறுத்தியது: "அடுத்து வாரதுலயும் இவ்வளவுன்னு சொல்லிருக்காரு."

தோழரிடமே கேட்டேன். "பெட்ரோல் யார் போடுவா தோழர்?" என்றார். கேள்வியில் நியாயம் உண்டு. முழுநேரமாக ஓடும் நம் பையன்கள் பலருக்குச் சம்பளம் கிடையாது, டீக்காசு கூடக் கடன்தான். ஆனால் அதற்கான பதில் அக்காவின் பாஸ்புக்கில் இல்லை. 1995 விதிகளில் 11ஆவது விதியைப் பாருங்கள். விசாரணைக்கும் கோர்ட்டுக்கும் வரும் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவு, தினப்படி எல்லாம் அரசு தர வேண்டும்; பெண்ணாக இருந்தால், அவர் விரும்பி அழைத்துவரும் துணையாளுக்கும் சேர்த்து. அதை வாங்க அதிகாரியோடு மல்லுக்கட்ட வேண்டும். அக்காவிடம் வாங்குவது எளிது.

அமைப்புக் கூட்டத்தில் பேசினேன். "வெளிய தெரிஞ்சா இயக்கத்துப் பேர் கெட்டுரும்" என்றார்கள் மூத்தவர்கள். புகார் கொடுக்கப் போகும் நம் பெண்களை மறித்து "ஊர் பேர் கெட்டுரும்" என்று சொல்கிறவர்களின் வார்த்தை அது. அவர்கள் பயம் வெறும் பயமல்ல என்பதும் உண்மை. இது காசு பார்க்கும் சட்டம் என்று பேசித் திரிகிறவர்களுக்கு இந்த 10,000 ரூபாய் போதும். அதனால்தான், அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டியிருந்தது.

பணம் திரும்பி வர நான்கு மாதம் ஆனது, அதுவும் இரண்டு தவணையாக. இதற்கிடையே இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தோழர் இப்போது வேறோர் அமைப்பில் இருக்கிறார்.

குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. அடுத்த 50 சதவீதம் வர வேண்டும். பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் காலேஜில் படிக்கும் மகளிடம் இருக்கின்றன. வாய்தாவுக்கு அவள்தான் துணை. இருவருக்கும் பயணப்படி கேட்டு 11ஆம் விதிப்படி மனு போட்டிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.