சஸ்பென்ஸ் கணக்கு

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்த இனத்தில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை, தேதியும் விவரமும் குறித்து அதில் வைப்போம். விளங்கவில்லை என்பதற்காக எந்த குமாஸ்தாவும் பணத்தைத் திருப்பி எறிவதில்லை. தினமும் இதைச் செய்கிற நான், விமர்சகனாக வேறு மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன்.

1852 டிசம்பர் 2ஆம் தேதி, இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பஸ்தி அருகே ஒரு விண்கல் விழுந்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நெவில் ஸ்டோரி மாஸ்கெலின் அதைப் பரிசோதித்தார். அதிலிருந்த கால்சியம் சல்பைடுக்கு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஓல்ட்ஹாம் நினைவாக ஓல்ட்ஹாமைட் என்று பெயர் வைத்தார். கூடவே பொன்னிறத்தில், எட்டு முகங்களுடன் சில நுண்ணிய படிகங்கள். அளவு சொற்பம், இன்னதென்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. இருந்தும் நிறத்தையும் வடிவையும் எழுதிவைத்து, கல்லை அனுப்பிய ஆஸ்பர்னின் பெயரால் 1870இல் ஆஸ்பர்னைட் என்றார். அது டைட்டேனியம் நைட்ரைடு என்று பானிஸ்டர் எக்ஸ்ரே மூலம் நிறுவியது 1941இல்.

பஸ்திக் கல் ஒருதரம் உருகி இறுகியது. 1969இல் மெக்ஸிகோவில் விழுந்த அயெந்தே கல் அதைவிடப் புராதனமானது. சூரிய மண்டலம் உருவான காலத்து, ஏறக்குறைய 456 கோடி வருஷத்து வெண்துணுக்குகள் அதில் உண்டு. நாற்பது வருஷம் பலரும் அலசிய கல். அதனுள் சீ மா என்பவர் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் மைக்ரான் கணக்குக்கு இறங்கிப் பார்த்தார். பாங்குவைட் என்ற புதுத் தாது 2012இல் அறிவிக்கப்பட்டது.

ஏழு வருஷங்களுக்கு முன், கடற்கரைச் சாலைக் கருங்கற்களில் உட்கார்ந்து ஒரு நண்பர் தம் கவிதை நோட்டைக் கொடுத்தார். இரண்டு நாளில் நீட்டி, "புதுசா ஒண்ணுமில்லீங்க" என்றேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அப்புறம் எழுதவும் இல்லை.

சென்ற மாதம் அதை மறுபடி படித்தேன். பதினோராம் பக்கத்தில் மூன்று வரிகள் தடுத்து நிறுத்தின. பிடித்திருக்கிறதா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. படிமம், அங்கதம் என்று நாம் கைவசம் வைத்திருக்கிற எதிலும் அவை அடங்கவில்லை. அன்றைக்கும் அங்கேதான் இருந்தன. என்னிடம் சொல் இல்லாததை அவரிடம் விஷயம் இல்லாததாகப் பதிவு செய்துவிட்டேன்.

அந்த மூன்று வரிகளில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் தேதியிட்டு எழுதியிருக்கிறேன். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. நாளை மாலை நோட்டோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். முத்தியால்பேட்டையில்தான் இருக்கிறார், இந்த ஏழு வருஷமும்.