விருந்தாளிப் படிவம்

வெள்ளவத்தையில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தானுக்கு அவன் வீட்டில் பாதிதான் சொந்தம் என்று எமது தந்தையார் சொல்வதுண்டு. மருந்துக்கு வருபவர், நேர்முகப் பரீட்சைக்கு வருபவர், கடவுச்சீட்டு எடுக்க வருபவர், மகனை விமானமேற்றி அனுப்ப வருபவர் என்று ஊரிலிருந்து எவரேனும் ஒருவர் முன்மண்டபத்திலே பாய் விரித்துப் படுத்திருப்பார். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் எந்த வீட்டுக்குச் சென்றாலும் இதே காட்சிதான். வருபவர் ஒடியல் மாவும் பனாட்டும் கொண்டு வருவார்; ஊர்க் கோயில் வழக்கின் அண்மைய நிலவரத்தையும் கொண்டு வருவார். எத்தனை நாள் நிற்பீர்கள் என்று அவரைக் கேட்பது பண்பன்று. நாம் வளர்ந்த வீட்டில் அக்கேள்வி ஒருபோதும் கேட்கப்பட்டதில்லை.

அக்கேள்வியை எமது வாயிலே வைத்தது அரசு. எங்கோ ஓர் அலுவலகத்தில் அச்சாகி வந்த தாளில் அதற்கென ஒரு நிரலே இருந்தது: பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர விலாசம், வந்த காரணம், திரும்பிச் செல்லும் திகதி. இதற்குச் சட்டமும் உண்டு. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆவது பிரிவு, கேட்கப்படுமிடத்து வீட்டுக்காரர் தமது வீட்டிலுள்ளோரின் பட்டியலைப் பொலிசாருக்குக் கொடுக்க வேண்டுமென விதிக்கிறது. விக்டோரியா மகாராணியின் பெயரால் சுதேசிகளை ஆண்டவர்கள் இயற்றிய சட்டம் அது. வெள்ளைக்காரன் கப்பலேறிய பின்னும் அவனுடைய பட்டியல் ஆசை கப்பலேறவில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கப்பட்ட அவசரகால விதிகளும் அந்தப் பழைய பிரிவுக்குப் புதிய பற்களை முளைக்கச் செய்தன.

சட்டத்தின் வாசகத்தில் இனம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. அதைக் குறிப்பிட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை அப்பணியைச் செவ்வனே செய்தது. நெடுங்காலமாக, வடக்கிலும் கிழக்கிலும் வழங்கப்பட்ட அட்டைகளில் தமிழும் சிங்களமும் இருந்தன. ஏனைய பகுதிகளில் வழங்கப்பட்டவற்றில் சிங்களம் மாத்திரமே இருந்தது. அட்டையின் பின்புறத்தில் பிறந்த இடமும் பொறிக்கப்பட்டிருந்தது. ஆகவே சோதனைச் சாவடியில் நின்ற இளைஞன் பெயரைக்கூட வாசிக்க வேண்டியதில்லை. அட்டையிலே தமிழெழுத்தைக் கண்டதும் அவன் கை தானாகவே ஓரத்தைச் சுட்டிக் காட்டும்; அட்டைக்காரர் வரிசையை விட்டு விலகி நிற்பார். தாய்மொழி எழுத்து குற்றச்சாட்டின் முதல் வரியாக மாறிய விதத்தை இதைவிடத் தெளிவாக எமது மாணவருக்கு எடுத்துக் கூற எம்மிடம் வேறு உதாரணம் இல்லை.

எமக்குச் சிங்களம் ஓரளவு பேச வரும், எழுத வராது. படிவத்தை நிரப்பித் தந்தவர் எதிர்வீட்டிலிருந்த ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை. நாம் அவரை ‘டீச்சர்’ என்றே அழைப்போம். முதன்முறை நிரப்பியபோது, தமக்கும் ஒரு படிவம் வரும் என்று எண்ணிச் சில நாட்கள் காத்திருந்தார். வரவில்லை. பின்னொரு நாள், “எனது வீட்டிலும் குருநாகலிலிருந்து தங்கையின் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி ஏன் என்னிடம் எவரும் கேட்கவில்லை?” என்றார். அப்பாவித்தனமாகக் கேட்கப்பட்ட கேள்வியன்று அது. விடையைத் தெரிந்துகொண்டு வெட்கத்தோடு கேட்டார். இரண்டு மொழிகளுக்கிடையே நாம் கண்ட மிக நேர்மையான உரையாடல்களுள் அதுவும் ஒன்று.

2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டது. அதன்பின் குடாநாட்டை விட்டு வெளியேற இராணுவத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்துக் கிடக்க வேண்டும். எமது சின்னம்மா 2007 ஏப்ரலில், இரு கண்களிலும் புரையோடு, காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலையில் இறங்கி, பஸ்ஸில் கொழும்பு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. முதற் படிவத்தை டீச்சர் நிரப்பினார். நாம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே நடந்துகொண்டார்; ‘அம்மாவுக்குக் கண் சுகமாகட்டும்’ என்றுகூடச் சொன்னார். கொடுமை செய்ய ஒரு கொடியவன் வேண்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நல்ல மனிதர்கள் கொண்டே நடத்தக்கூடிய கொடுமைகளும் உள.

மே மாத இறுதியில் ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. முதற் படிவத்தின் காலமும் முடிந்தது. எமது வீட்டுச் சொந்தக்காரர் நல்லூரைச் சேர்ந்தவர்; நல்லவர். ஒரு மாலை படியேறி வந்து, “மாஸ்டர், நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா ஆக்கள் கூடக் கூட எல்லாருக்கும் கரைச்சல்தானே” என்றார். மேல்மாடியிலிருந்த குடும்பத்தைச் சென்ற வாரந்தான் இரவு இரண்டு மணிக்கு எழுப்பி விசாரித்திருந்தார்கள். நாமும் மனைவியும் அன்றிரவு குசினியில் நின்று தாழ்ந்த குரலில் பேசினோம். சின்னம்மாவுக்குக் கண் மங்கலாயிருந்ததேயொழியக் காது கூர்மையாகவே இருந்தது. காலையில் அவரே தொடங்கினார்: “தம்பி, உனக்கேன் கரைச்சல்? கொட்டாஞ்சேனையிலை லொட்ஜ் இருக்காம். சிவன் கோயிலும் பக்கத்திலை. நான் அங்கை நிக்கிறன்.” வேண்டாம் என்று நாம் சொன்னோம். ஒரு முறை சொன்னோம். இரண்டாம் முறை சொல்லவில்லை.

ஜூன் 7ஆம் திகதி வியாழக்கிழமை விடியுமுன்னர், கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை ஆகிய இடங்களிலிருந்த லொட்ஜுகளுக்குள் பொலிசாரும் படையினரும் புகுந்தனர். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருப்போரை ஊருக்கு அனுப்புவதாகச் சொல்லப்பட்டது. தகுந்த காரணம் எதுவென்று தீர்மானிக்கச் சில நிமிடங்களே கொடுக்கப்பட்டன. 376 பேர், அவர்களில் 85 பேர் பெண்கள், பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஏற்றப்பட்டவர்களுள் மருந்துக்கு வந்தோர் இருந்தனர், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தோர் இருந்தனர். சின்னம்மாவும் இருந்தார். சிகிச்சை அட்டையைக் காட்டினாராம். ஏறுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்களாம்.

மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் மீது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. போனவர்களிற் பலர் திருப்பிக் கொண்டுவரப்பட்டனர். பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க, நடந்தது பெருந்தவறு என ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அந்த வருத்தத்தை நாம் இகழவில்லை. இந்நாட்டில் அது அரிய பொருள். ஆயினும் 2007 டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு நாட்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் அதிகமான தமிழர் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் பிடிக்கப்பட்டு, ஒரு பகுதியினர் பூசா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 2008 செப்டெம்பரில், முந்திய ஐந்தாண்டுகளில் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தோர் அனைவரும் தம்மைப் பதிவு செய்ய வேண்டுமென அறிவிக்கப்பட்டது. வருத்தம் தெரிவித்தவர்கள் படிவத்தை வாபஸ் பெறவில்லை.

குண்டுகள் வெடிக்கவில்லையா என்று கேட்போர் உண்டு. வெடித்தன. 1996 ஜனவரியில் மத்திய வங்கியின் முன்னும், அதே ஆண்டு ஜூலையில் தெஹிவளையில் ரயிலிலும், 2007 நவம்பரில் நுகேகொடையிலும் செத்தவர்கள் வேலைக்குப் போய் வந்த ஏழை எளியவர்கள். அவர்களுக்காக அழாதவனுக்குச் சின்னம்மாவுக்காக அழும் உரிமை கிடையாது. ஆனால் குண்டு வைக்க வருபவன் படிவத்தில் அக்காரணத்தையா எழுதுவான்? அவனுடைய தாள்கள் எல்லோருடையதையும்விடச் சீராக இருக்கும். பட்டியலில் அகப்படுபவர் கண்ணுக்கு மருந்து விடுபவரே. அதிலும் லொட்ஜில் படுப்பவரே அகப்பட்டார். கறுவாத்தோட்டத்து மாளிகைகளில் தங்கிய தமிழ்ச் சீமான்களை அந்த விடியற்காலையில் எவரும் பஸ்ஸில் ஏற்றவில்லை.

பட்டியலுக்கு ஓர் இயல்புண்டு: தன்னை எழுதியவனின் நோக்கத்தை அது ஞாபகம் வைத்திருப்பதில்லை. தேர்தலுக்காகத் தயாரிக்கப்படும் வாக்காளர் இடாப்பைப் போலச் சாதுவான ஏடு வேறெது? 1983 ஜூலையில் வெள்ளவத்தைக்கும் ஏனைய இடங்களுக்கும் வந்த கும்பல்களின் கைகளில் அந்த இடாப்புகளே இருந்தன. எந்த வீட்டைக் கொளுத்துவது, எதை விடுவது என்று அவை வழிகாட்டின. ஒல்லாந்திலும் இதுவே நடந்தது. ஒழுங்காகப் பேணப்பட்ட குடிசன அட்டைகளில் ஒவ்வொருவரின் மதமும் இருந்தது. நாஜிகள் வந்தபோது யூதரைத் தேட வேண்டிய சிரமம் இருக்கவில்லை. 1943 மார்ச் 27இல் அம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீவைத்த குழுவில் ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரொண்டேயஸ் இருந்தார். அட்டைகளில் ஒரு பகுதிதான் எரிந்தது. பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். காகிதத்தை எரிக்க உயிரைக் கொடுத்தார்களே என்று வியந்த மாணவன் ஒருவனுக்கு எமது ஒழுங்கையில் 1983இல் எரிந்த வீடுகள் இருந்த இடத்தைக் காட்டினோம்.

அவனுடைய தலைமுறையினர், ‘மறைக்க எம்மிடம் என்ன இருக்கிறது?’ என்கின்றனர். கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் தாமே எழுதி வைக்கும் காலம் இது. 2022இல் ஒருபுறம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மறுபுறம் இந்திய உதவியோடு மின்னியல் அடையாள முறையொன்றை அமைக்க உடன்பாடு செய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், மக்கள் போராட்டத்தில் முன்னின்ற பல்கலைக்கழக மாணவர் தலைவர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். தமிழருக்கென்று கூறி இயற்றிய சட்டம் 1980களின் இறுதியில் தெற்கின் இளைஞரையும், 2019க்குப் பின் முஸ்லிம்களையும், பிறகு இவரையும் தேடிச் சென்றது. டீச்சர் அப்போது உயிரோடு இருந்திருந்தால், தமக்கான படிவம் பிந்தியேனும் வந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்.

சின்னம்மா வவுனியாவிலிருந்து திரும்பி நேரே எமது வீட்டுக்கு வந்தார். கப்பலில் வந்ததைப் பற்றியும் பஸ்ஸில் போனதைப் பற்றியும் பேசினார். லொட்ஜுக்கு ஏன் போனார் என்பதைப் பற்றி, 2014இல் ஊரில் கண்மூடும் வரை, ஒரு சொல்லும் பேசியதில்லை. அன்று அவர் கேட்டது ஒன்றே: குளிர்சாதனப் பெட்டியில் விட்டுப்போன கண் மருந்து பழுதாகிவிட்டதா என்பது.

மே இறுதியில் கொடுத்த இரண்டாவது படிவத்தின் முத்திரையிட்ட பிரதி எம்மிடம் இருக்கிறது. இரவுச் சோதனையில் காட்டுவதற்காகப் பத்திரப்படுத்தியது. பிறகு எறிய மனம் வரவில்லை. சிங்களத்தில் உள்ளவை யாவும் டீச்சரின் வட்டமான கையெழுத்து. கடைசி நிரலை மட்டும் நாமே நிரப்பினோம்; இலக்கங்களுக்கு மொழி வேண்டியதில்லையல்லவா? திரும்பிச் செல்லும் திகதி 2007.06.03 என்று இருக்கிறது. மறு கண்ணுக்கு ஜூன் 14 எனக் குறித்த சிகிச்சை அட்டை, அதை எழுதும்போது எமது மேசைமீதே கிடந்தது.