திருப்பூரிலேயே இருந்துவிடலாமா?

"மூணு சென்ட்டுங்க, கெழக்குப் பார்த்த சைட்டு. ஆவணி பொறக்கறதுக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் போட்டுருங்க. இல்லீன்னா கை மாறிப் போயிரும்" என்று புரோக்கர் சொல்லிவிட்டுப் போன அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. 2025 ஆடி மாதம் அது. பெருமாநல்லூர் பக்கத்து அந்த மூன்று சென்ட்டுக்குப் பணம் புரட்ட வேண்டுமானால், பரமக்குடிக்குப் பக்கத்தில் மாமியார் பெயரில் இருக்கும் இரண்டு ஏக்கர் மிளகாய்க் காட்டை விற்க வேண்டும். காட்டை விற்றுவிட்டால் அப்புறம் ஊருக்குப் போவது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான்.

வாசகிகளில் எத்தனையோ பேர் வெளியூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு இதே கேள்வியோடு புரண்டு படுத்திருப்பீர்கள். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

நாங்கள் திருப்பூருக்கு வந்தது 2019-இல். பெரிய பெண் அப்போது கைக்குழந்தை. விடியற்காலை ரயிலை விட்டு இறங்கினால், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே கொடி காத்த குமரன் நினைவிடம். "இவரும் நம்மளை மாதிரி வெளியூர்க்காரர்தான் தெரியுமா?" என்றார் என் வீட்டுக்காரர். உண்மைதான். குமரன் 1904-இல் பிறந்தது சென்னிமலையில். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர். 1932 ஜனவரியில் தடியடி பட்டு உயிர்விட்டு இந்த ஊருக்கே அடையாளமாகிவிட்டார். அந்த அதிகாலையில் எனக்கு வரலாறெல்லாம் மனசில் ஏறவில்லை. குழந்தைக்குப் பால் எங்கே காய்ச்சுவது என்பதுதான் கவலை.

பார்த்து வைத்திருந்தது லைன் வீடு. ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடு, ஆளுக்கு ஓர் அறை, ஒரு சமையல் மூலை. இரண்டு கக்கூஸ் எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டில் தேனிக்காரர்கள், ஒன்றில் விருதுநகர், கடைசி வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த இளம் ஜோடி. வீட்டுக்காரம்மா மட்டும்தான் உள்ளூர். முதல் நாளே இரண்டு குழாயைக் காட்டி, "இது நல்ல தண்ணிங்க, குடிக்கறதுக்கு, வர்ற அன்னிக்குப் புடிச்சு வெச்சுக்கோணும். அது சப்பைத் தண்ணி, பொழங்கறதுக்கு. மாத்திப் போடாதீங்க அம்மிணி" என்றார்.

மாத்திப் போட்டேன்! சப்பைத் தண்ணீரில் பருப்பை ஏற்றிவிட்டேன். எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை. ஒன்று சொல்லி வைக்கிறேன்: உப்பும் சுண்ணாம்பும் ஏறிய போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகுமே தவிர உப்பு போகாது. காய்ச்சிவிட்டோமே என்று அதையே குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். குளிப்பாட்டுவதற்குக்கூட, தோல் வறண்ட பிள்ளையாக இருந்தால், கடைசிச் சொம்பு நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

பனியன் கம்பெனி வேலையைப் பற்றி ஊரில் பெரிய கனவு இருக்கிறது. இவர் கட்டிங் மாஸ்டர். நான் செக்கிங்கில் இருந்தேன். காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். ஆர்டர் அவசரம் என்றால் இரவு எட்டரை வரை, அது ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்துவிடும். மழையை நம்பிக் காட்டில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வாராவாரம் கையில் காசு என்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் நாள் பூராவும் நின்றுகொண்டே துணி பார்த்தால் ராத்திரி கால் நரம்பு சுண்டி இழுக்கும். பஞ்சுத் தூசியில் இருமல் வரும். முகமூடி போடாமல் வீம்புக்கு நிற்பதில் ஒரு பெருமையும் இல்லை.

இரண்டாவது பையன் பிறந்ததும் வேலையை விட்டேன். இ.எஸ்.ஐ. இருந்ததால் பேறுகாலத்துக்கு 26 வாரச் சம்பளம் வந்தது. பத்துப் பேர் தைக்கிற பவர் டேபிளில் இருந்த தேனிக்காரிக்கு இ.எஸ்.ஐ. கிடையாது, ஒன்றுமே வரவில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் குழந்தையை எங்கே விடுவது? அங்கன்வாடி சாயங்காலமே மூடிவிடும், ஷிப்ட் முடிவது எட்டரைக்கு. நடுவில் இருக்கும் அந்த நாலு மணி நேரத்துக்கு ஒரு பாட்டி வேண்டும். என் மாமியாரோ பரமக்குடியை விட்டு நகர மாட்டேன் என்கிறார். ஆகவே வீட்டிலேயே பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன்.

புரோக்கர் வந்து போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மாவிடம் யோசனை கேட்டேன். "சைட்டைப் பார்க்கறதுக்கு முன்னால ஆத்தைப் போய்ப் பாருங்க. ஒரத்துப்பாளையம் வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றார். பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு வண்டியில் கிளம்பினோம்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. 1980-களில் ஏற்றுமதி பெருகப் பெருக, சாய ஆலைகளும் சலவை ஆலைகளும் பெருகின. சாயத் துணியை அலசிய தண்ணீரெல்லாம் ஆற்றில் இறங்கியது. கீழே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிட்டது. தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று கெஞ்சும் நிலைமை! வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. சுத்திகரிப்பு வசதியைச் சரிசெய்தவைதான் பிறகு திறக்க முடிந்தது. இப்போது சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பவும் உபயோகிக்க வேண்டும் என்பது விதி.

அணைக்குப் பக்கத்தில் எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"மஞ்சளும் நெல்லும் வெளஞ்ச பூமிங்க கண்ணு. அப்பறம் எளநியே உப்புக் கரிச்சுது. இப்பத் தண்ணி கொஞ்சம் தேவலை. ஆனா மண்ணுக்குள்ள போன உப்பு சுலபத்துல போவுதுங்களா?" என்றார். எங்களுக்கு மோர் கொடுத்தார். திரும்பி வரும்போது நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அந்த அம்மா விற்கவில்லை. உப்பு ஏறிய பூமியை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமும் அங்கேயே இருந்திருக்கிறார். நாங்களோ உப்பு ஏறாத காட்டை விற்கப் போகிறோம்!

இதைப் படித்துவிட்டு திருப்பூரே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஊரைச் சுற்றி எவ்வளவு அழகு இருக்கிறது! ஊத்துக்குளி ரோட்டில் நஞ்சராயன் குளம் இருக்கிறது, பறவைகள் சரணாலயம். 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மார்கழிக் காலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் எங்கிருந்தெல்லாமோ வந்த பறவைகளைப் பார்க்கலாம். அவினாசியில் சித்திரைத் தேர் பார்த்தோம். அம்மாடி, எவ்வளவு பெரிய தேர்! முதலை உண்ட பாலகனைச் சுந்தரர் மீட்ட தலம் அது. அங்கிருந்து கொஞ்ச தூரம் வந்தால் திருமுருகன்பூண்டி. அந்த ஊர்க் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பொன்னோடு வந்த சுந்தரரை வேடர்களை விட்டுச் சிவனே வழிப்பறி செய்ய வைத்து, பிறகு திருப்பிக் கொடுத்தாராம். சுந்தரருக்கே இந்த வழியில் அப்படி என்றால், சைட் வாங்க வருகிற நாம் வில்லங்கச் சான்று பார்க்காமல் இருக்கலாமா? போட்டுப் பார்த்தோம். மூலப்பத்திரம் கேட்டோம். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டபோது புரோக்கர், "வந்துருமுங்க, வந்துருமுங்க" என்றார். எப்போது வரும் என்று மட்டும் சொல்லவில்லை.

அதற்குள் ஆகஸ்ட் 27 வந்தது. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி என்று அன்றிலிருந்து அமல். அமெரிக்காவுக்கு அனுப்பும் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது. இவருக்கு ஒன்றரை ஷிப்ட் நின்றுபோய் ஒரு ஷிப்ட்தான் என்றானது. எங்கோ ஒரு தேசத்தில் கையெழுத்துப் போட்டால் இங்கே என் பருப்பு டப்பாவில் அளவு குறைகிறது.

2020 ஊரடங்கு ஞாபகம் வந்தது. ஒடிசாப் பெண் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. சிறப்பு ரயில் கிடைக்கும்வரை எங்கள் காம்பவுண்டே அவளுக்குச் சமைத்துப் போட்டது. வீட்டுக்காரம்மா இரண்டு மாத வாடகை வாங்கவில்லை. அடுத்த வருஷமே அவள் குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். இன்று அந்தப் பிள்ளை என் பையனோடு தமிழில் சண்டை போடுகிறது. "அக்கா, நீங்க பஸ் ஏறினா ஊருக்குப் போயிடுவீங்க. நான் ரெண்டு நாள் ரயில்ல போகணும். எனக்கு ஊர்ல நிலமும் இல்ல. ஆனா இந்தக் கேள்வி எனக்கும் உண்டு" என்று அவள் ஒருநாள் சொன்னபோது, நான் புலம்பியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

நாங்கள் முடிவு செய்தது இதுதான். டோக்கன் போடவில்லை. காட்டை விற்கவில்லை. லைன் வீட்டை விட்டு, அவினாசிப் பக்கம் கொஞ்சம் பெரிய வாடகை வீடாகப் பார்ப்பது. ஒரு வருஷம் இருந்து, சித்திரையில் கிணறு எப்படி, ஐப்பசியில் தெரு எப்படி, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எத்தனை தூரம் என்று பார்த்துவிட்டு, அங்கீகாரம் உள்ள மனை கிடைத்தால், சீட்டுப் பணத்தில் முடிந்த அளவுக்கு வாங்குவது. இவருக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. "விலை ஏறிடும் பாரு" என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஏறட்டுமே!

காட்டை விற்கவில்லை என்று போனில் சொன்னதும் மாமியார் ஒன்றும் பேசவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு சாக்கு குண்டு மிளகாயோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். வந்ததும் வராததுமாக, வேண்டுமென்றே சப்பைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"கரிக்கத்தான் செய்யுது. நம்ம ஊருத் தண்ணி மட்டும் என்னத்தா, கரும்புச் சாறா?" என்றார். பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பொங்கல் வரைக்கும் இருக்கேன். நீ வேலைக்குப் போறதுன்னா போ" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை எட்டரைக்கு நான் செக்கிங் டேபிளில் நின்றேன்.