போர்வை மேல் ஒரு டெபிட்

சென்னிமலையில் வீட்டுக்கு வீடு போர்வை இருக்கும். எங்கள் வீட்டுப் போர்வைக்கு மட்டும் தனி வாசனை. உபயம்: டெபிட். (பி.காம். படித்தவன் பூனைக்கு வேறென்ன பெயர் வைப்பான்?)

மண் தட்டு வைத்திருந்தோம். துரை அதைச் சீந்தவில்லை. ஈரோட்டுக்குப் போகவேண்டிய பெட்ஷீட் கட்டின் மேல்தான் எல்லாம். அம்மா தினமும் ஃபினாயில் ஊற்றிக் கழுவினாள். மறுநாளும் அதே கட்டு.

"ஏங்கண்ணு, சாக்குல கட்டி வெள்ளோட்டுப் பக்கம் உட்டுப்போட்டு வந்துரு."

வெள்ளோட்டில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. இது தண்டனையா, விருந்தா?

சாக்கை எடுத்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். துரை முக்குகிறார், முனகுகிறார். வருவதோ நாலு சொட்டு. அதே சாக்கில் போட்டு, ஸ்கூட்டரில் கால்நடை டாக்டரிடம் பறந்தேன்.

"மூத்திரம் அடைச்சிருக்குதுங்க. கடுவனுக்குத்தான் இது அதிகம். முழுசா அடைச்சா ரெண்டு மூணு நாள்ல உசுரே போயிருமுங்க."

தட்டில் போனால் வலிக்கிறது என்று தட்டையே வெறுத்திருக்கிறது, பாவம். ஃபினாயிலுக்கும் தடை போட்டார். அந்த விஷத்தை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் குறைவாம். நாங்கள் வாளி வாளியாக ஊற்றியிருக்கிறோம்!

ட்யூப் வைத்து அடைப்பை எடுத்தார். இப்போது ரெண்டு தட்டு, தினம் புது மண். பெட்ஷீட் கட்டு பரண் மேல். அம்மா கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, "குடி சாமி, குடி" என்று கெஞ்சுகிறாள்.

சாக்கு இன்னும் ஸ்கூட்டரில்தான் இருக்கிறது. அதில்தான் மண் அள்ளி வருகிறேன்.