இறக்கம் பார்த்து நிறுத்துவது

கருகிய வார்னிஷுக்கென்று ஒரு வாசம் உண்டு, ரப்பர் எரிவதுபோல மூக்கில் குத்தாது, வெல்லப்பாகு அடிப்பிடிக்கத் தொடங்கும்போது கிளம்புகிற நெடியைப்போல முதலில் இனிப்பாக வந்து, கொஞ்சம் பொறுத்துத்தான் தொண்டையில் கசக்கும். கிளம்பாத லாரியின் ஸ்டார்ட்டர் மோட்டாரை, அதாவது செல்ஃபை, விடாமல் அடித்துக்கொண்டேயிருந்தால், மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் மேல்பூச்சு கருகி அந்த வாசம் வெளியே வரும். அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலைக்குப் போகிற சாலையில், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்கு எதிரே, பேப்பர் கப்பில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அது வந்தது. டீயில் ஏலக்காய் எசன்ஸ் தவிர வேறொன்றும் இல்லை, சாலையோரத்து வேம்புகளின் இலையெல்லாம் சாம்பல் பூத்திருந்தன, பழைய லாரி ஒன்றின் டிரைவர் சாவியைத் திருகத் திருக ‘டக், டக்’ என்ற சத்தம் மட்டும் கேட்டது, எனக்கு அந்த வாசத்தில் பெரியப்பாவின் சட்டைக் கை முழுதாக வந்து நின்றது.

பெரியப்பாவுடையது பென்ஸ் வண்டி. 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து டாடா லாரி செய்ய ஆரம்பித்து, 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் முகப்பில் மூன்று முனை நட்சத்திரத்தோடு வந்த வண்டிகளை எங்கள் பக்கத்தில் கடைசிவரை பென்ஸ் என்றுதான் சொன்னார்கள். அவர் அதைக் கைமாறிக் கைமாறி வந்த வண்டியாக, ஃபைனான்ஸில் வாங்கியபோது நட்சத்திரத்தின் ஒரு முனை உடைந்திருந்தது. வெள்ளெனவே எழுந்து, பீடியைக் காதில் செருகிக்கொண்டு, கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்துவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி ‘கலியபெருமாளே’ என்பார், கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு மூலஸ்தானத்தில் சிலை கிடையாது, கல்தூண்தான், அந்தத் தூணை நினைத்துக்கொண்டு செல்ஃபை அடிப்பார். சில நாள் ஒரே அடியில் எடுத்துக்கொள்ளும், சில நாள் ‘கர்ர்ர்’ என்று மோட்டார் மட்டும் சும்மா சுற்றும். பெருமாள் முகம் கொடுக்காத நாளில் அவர் அதிகம் மல்லுக்கட்ட மாட்டார், கீழே இறங்கி வந்து, டயருக்கடியில் இருக்கிற கல்லைக் கிளீனரை எடுக்கச் சொல்வார்.

அதற்குத் தோதாக அவர் சமதரையில் வண்டியை நிறுத்துவதே இல்லை. வீட்டு வாசலில் கிராவல் கொட்டி ஒரு மேடு போட்டு, மூக்கு கீழே பார்க்கிற மாதிரி ராத்திரிக்கு ஏற்றி வைப்பார், சாப்பாட்டுக்கு நிறுத்தினால் ஏரிக்கரை இறக்கம், வி.கைகாட்டியில் ஆள் பார்க்க நிறுத்தினாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வைத் தேடிப் பத்தடி தள்ளித்தான் போய் நிற்பார். அரியலூர்ச் சீமை தட்டை என்று யாராவது சொன்னால் சிரிப்பார், எந்த இடத்தில் மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்பது அவருக்குத் தெரியும். டயருக்கு அணை கொடுக்கும் கல்லும் இந்த ஊர்க் கல்தான், சுண்ணாம்புக்கல், ஒரு பக்கம் முழுக்கச் சிப்பி பதிந்திருக்கும், ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் கிடந்தது என்று பின்னாளில் பாடத்தில் படித்தேன், அப்போது எனக்கு அது விரலை விட்டு நோண்டிப் பார்க்கிற ஒரு கல், அவ்வளவுதான்.

கல்லை எடுத்ததும் வண்டி முதலில் யோசிக்கும், பிறகு கிராவல் நெறுநெறுக்க மெல்ல உருளும், கிளட்சை மிதித்தபடி ரெண்டாம் கியரில் வைத்திருப்பவர் சரியான வேகம் வந்ததும் காலை எடுப்பார், வண்டி ஒருதரம் குலுங்கிக் கரும்புகை கக்கும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம், காற்றை இறுக்கினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும், யாராவது அதைச் சுற்றிவிட்டால் போதும், அது மோட்டாரா, இறக்கமா, நாங்கள் பத்துப் பேரா என்று அது கேட்பதில்லை. இறக்கம் அமையாத இடங்களில் நாங்கள்தான் இறக்கம். தெருப் பையன்கள், கடலை பிடுங்கப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிற வாத்தியார், எல்லோரும் பின் கதவில் கை வைத்திருக்கிறார்கள், தள்ளியவர்களுக்கு அவர் காசு கொடுத்ததில்லை, கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டார்கள், ஆனால் வீட்டில் கல்யாணமென்றால் சாமான் ஏற்ற வண்டி கேட்கிற உரிமை அந்தத் தள்ளலில் வந்துவிடும்.

ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த வண்டிக்கு பேட்டரியே தேவையில்லை, ஆகவே அடைமழைக் காலத்தில், ஈரம் இறங்கி செல்ஃப் சுத்தமாகக் கைவிட்ட சமயங்களில், அணைக்காமலே ராத்திரி முழுக்க ஓடவிட்டுவிடுவார். ஓட்டு வீடு அதிரும், ஆணியில் தொங்குகிற முறம் சுவரில் மோதி மோதிச் சத்தம் போடும், டீசல் புகையும் நனைந்த வைக்கோலும் கலந்த வாசத்தில் அப்பாயி தூங்காமல் உட்கார்ந்து வெத்தலை இடிப்பாள். ஐப்பசி, கார்த்திகை மழை அவளைத் தூங்கவிடாது, 1956 நவம்பர் 23 விடிகாலையில் மருதையாற்று வெள்ளம் பாலத்தைச் சாய்த்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்த சேதியை, அதற்காக லால்பகதூர் சாஸ்திரி மந்திரிப் பதவியை விட்ட சேதியையெல்லாம் விட்டுவிட்டு, கரையோரத்தில் ஒதுங்கிய டிரங்குப் பெட்டிகளைப் பற்றி மட்டும் சொல்வாள். அரியலூர் மாவட்டம் ரெண்டாம் தடவையாகப் பிறந்தது 2007-ல் அதே நவம்பர் 23-ந் தேதி, விழாப் பந்தலில் யாருக்காவது அது உறைத்ததோ என்னவோ.

செல்ஃபைத் திட்டினால் அப்பாயிக்குப் பிடிக்காது, ‘இவனுங்களுக்குச் சாவி திருவுற நோவு’ என்பாள். தாத்தா ரெண்டாம் உலக யுத்தக் காலத்தில் கரி பஸ்ஸில் கிளீனராக இருந்தவர். பெட்ரோல் கிடைக்காத அந்த வருஷங்களில், பஸ்ஸின் பின்னால் அடுப்புமாதிரி ஒரு கலனைக் கட்டி, அடுப்புக்கரியை மூட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள், டி.வி.எஸ். கம்பெனியே அந்தக் கலனைச் செய்து விற்றது. விடியுமுன் எழுந்து துருத்திச் சக்கரத்தைச் சுற்றிக் கரியைக் கனிய வைக்க வேண்டும், அப்புறம் முன்னால் வந்து ஹேண்டில் போட வேண்டும், ஹேண்டிலைப் பிடிக்கையில் கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக இருக்க வேண்டும், மாற்றிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும். தாத்தா செம்பைத் தூக்கித் தண்ணீர் குடிக்கையில்கூடக் கட்டைவிரலை மற்ற விரல்களோடுதான் வைத்திருப்பார், அது ஏனென்று எனக்கு அப்போது தெரியாது. அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் செய்த மின் ஸ்டார்ட்டரோடு கடிலாக் கார் 1912-லேயே வந்தாகிவிட்டது, நம் பக்கத்தில் டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்கார் முதல் பஸ்ஸை விட்டதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான், அந்த மோட்டார் எங்கள் தாத்தாவின் மணிக்கட்டு வரை வந்து சேர மட்டும் முப்பது நாற்பது வருஷமானது.

அரியலூரில் புளிய மரத்தடியில் ஒரு பேட்டரிக் கடை, அங்கேதான் செல்ஃபைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவோம், கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாத கனம், சைக்கிள் கேரியரில் சாக்கு மடித்துப் போட்டு வைப்போம். கடைக்காரப் பெரியவருக்கு மீட்டர் என்று ஒன்று இருந்ததாக ஞாபகமில்லை. வண்டியிடம் வந்தாரானால் முதலில் யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, பேட்டரியிலிருந்து போகிற கேபிளின் ஒவ்வொரு முடிச்சிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார், எந்த முடிச்சு சுடுகிறதோ கோளாறு அங்கே. முந்நூறு ஆம்பியர் ஓடுகிற கம்பியில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே மூணு வோல்ட் அங்கேயே சூடாகிப் போய்விடும் என்கிற கணக்கைக் கல்லூரியில் போட்டபோது, எனக்கு அந்தப் புறங்கைதான் தெரிந்தது. டெர்மினலில் பூத்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவி வாஸ்லின் தடவுவார், அதற்கும் மசியாவிட்டால் மோட்டாரைப் பிரிப்பார், தேய்ந்த கார்பனை மாற்றி, ஆர்மேச்சரை உப்புத்தாளால் தேய்த்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கிற மைக்காவை உடைந்த ஆக்சா பிளேடால் ஒவ்வொரு வரியாகச் சுரண்டுவார், மரத்து நிழல் நகர நகர முக்காலியையும் நகர்த்திக்கொள்வார். கடைசியில் மோட்டாரைத் தரையில் போட்டு, காலால் அழுத்திக்கொண்டு, கணநேரம் மின்சாரம் கொடுப்பார், அது காலடியில் உயிரோடு துள்ளும், பாரமில்லாமல் நீள ஓடவிட்டால் வேகம் பிடித்துத் தன்னையே உடைத்துக்கொள்ளும் என்பதால் உடனே எடுத்துவிடுவார்.

அவர்தான் ஒருநாள் எங்கள் வாசலுக்கே வந்து, செல்ஃபைக் கழற்றிய ஓட்டை வழியாக உள்ளே பார்க்கச் சொன்னார். கடப்பாரையை விட்டு பிளைவீலை நெம்பி நெம்பி நகர்த்தினார், டார்ச் வெளிச்சத்தில் ரிங் பற்கள் ஒவ்வொன்றாக வந்தன, சதுரமாக, எண்ணெய் மினுங்க, நல்ல பற்கள், பிறகு ஒரு சாண் நீளத்துக்கு ஓரம் மழுங்கித் தகடாய்ப்போன பற்கள், மறுபடி நல்லவை, மறுபடி தேய்ந்தவை. ‘மூணு இடம்’ என்றார். ஆறு சிலிண்டர் வண்டி அணைக்கும்போது உள்ளே இறுகும் காற்று எதிர்த்து நிற்பதால், எப்போதும் சுற்றில் மூன்று இடங்களில் ஏதாவதொன்றில்தான் வந்து ஓயும், மோட்டாரின் பல்லும் வருஷக்கணக்கில் அந்த மூன்று இடத்தையே கடித்திருக்கிறது. ‘கியர்ல போட்டு வண்டிய ஒரு சாண் நகத்தினா நல்ல பல்லு முன்னால வரும், புடிச்சுக்கும். ஆனா ரிங்கு மாத்தணும்ணே, கியர்பாக்ஸ எறக்கி, கிளட்சக் கழட்டி, புது ரிங்க நெருப்புல காச்சி ஏத்தணும். மூணு நாள் வண்டி நிக்கும்.’ பெரியப்பா பீடியைக் காதிலிருந்து எடுத்து, பற்ற வைக்காமல் மறுபடி காதில் செருகிக்கொண்டு, ‘மாட்டுங்க, பாப்போம்’ என்றார்.

பெருமாள் அருள் என்று நாங்கள் நினைத்த காலைகளெல்லாம் வண்டி நல்ல பல்லில் வந்து ஓய்ந்த காலைகள். ஊரின் சாய்வுகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த அவரை நான் இத்தனை வருஷம் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், இந்த டீக்கடை பெஞ்சில்தான் அதன் கணக்கு பிடிபட்டது. மூணு நாள் வண்டி நின்றால் மாசத் தவணை தவறும், தவறினால் ஃபைனான்ஸ்காரன் வாசலுக்கு வருவான், இறக்கம் தேடி நிறுத்துவதற்குச் செலவில்லை. வட்டி கட்டுகிறவனுக்கு ஊரின் மேடு பள்ளம் தெரியாமல் எப்படி இருக்கும். பெருமை கொஞ்சம் கழிந்தது, ஆனால் அந்த மனிதர் இப்போது இன்னும் கிட்டத்தில் தெரிந்தார்.

எதிரே அந்த டிரைவர் சாவியை விட்டுவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தார், பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன, தள்ளலாமா என்று யாரும் கேட்கவில்லை, பாரமேற்றிய பத்துச் சக்கர வண்டியைத் தள்ளவும் முடியாதுதான். 2020-லிருந்து பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் வண்டிகளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, டீசலை விடுவதா வேண்டாமா என்பதையே மின்னணுப் பெட்டிதான் முடிவு செய்கிறது, பேட்டரி அடியோடு போய்விட்டால் எவ்வளவு இறக்கத்தில் உருட்டினாலும் எடுக்காது, காற்று இறங்கிவிட்டால் பிரேக்கும் தானே பூட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் பைக்கில், பெட்டியில் அடைத்த செல்ஃபோடு வந்தான், லாரிக்கடியில் படுத்து, போன் வெளிச்சத்தில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டான், நான் டீக்காசு கொடுத்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. பழையது சாலையோரப் புழுதியில் கிடந்தது, கார்பன் மட்டும்தான் தேய்ந்திருக்குமோ, பிரித்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். டிரைவர் ஏறி உட்கார்ந்துகொண்டே, ‘பிரிச்சுப் பாக்குற நேரத்துக்கு ஒரு லோடு போயிரும்ணே, தவண கட்டணும்ல’ என்றார்.